சன்னபட்ணா மரப்பொம்மை காம்போ: காசு அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

கைக்குழந்தை இருக்கிற அம்மாக்களின் இன்ஸ்டாகிராமில் இப்போது ஓயாமல் வந்துகொண்டிருக்கும் ஒரு விளம்பரத்தைப் பற்றிய பதிவு இது. "ஃபர்ஸ்ட் பர்த்டே காம்போ, 100% சன்னபட்ணா, நேச்சுரல் கலர், பேபி சேஃப்" என்று போட்டிருப்பார்கள். மரக் கிலுகிலுப்பை, வளையம் அடுக்கும் கோபுரம், சின்னச் சின்ன விலங்குகள், கூடவே தமிழ்த் தாலாட்டு பாடும் ஒரு யானை. எல்லாம் சேர்த்து 3,450 ரூபாய். வாங்கினேன். வந்ததில் மரமும் இல்லை, அரக்கும் இல்லை, தாலாட்டும் இல்லை. பணம் இன்னும் வந்து சேரவில்லை. பணத்துக்காக மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். அந்த யானையின் வயிற்றிலிருந்து விழுந்த பட்டன் பேட்டரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பேஜ் பெயரை இங்கே போடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது என்பது ஒன்று. இதே படங்களை வைத்துக்கொண்டு வேறு வேறு பெயரில் பல பேஜ்கள் ஓடுகின்றன என்பது இன்னொன்று. பெயரைச் சொன்னால் அந்த ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட்டு அடுத்ததில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் அசல் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். சன்னபட்ணா பெங்களூரிலிருந்து மைசூரு போகிற வழியில் இருக்கிற ஊர். அங்கே பாரம்பரியமாகப் பொம்மை செய்வது வெட்பாலை மரத்தில். நம் ஊரில் தோல் வியாதிக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதே வெட்பாலைதான். வெளிர் நிறம், நெருக்கமான நார். மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, சாயம் கலந்த அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்திப் பிடிப்பார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை ஓலையால் தேய்த்து மெருகு போடுவார்கள். திருநெல்வேலிப் பக்கம் அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசல் மெருகு புதிதில்லை. கடைசலில் வருகிற பொருள் உருண்டையாகத்தான் வரும். பந்து, உருளை, குடம், கோபுரம், அதையெல்லாம் கோத்துச் செய்த பொம்மை. வண்ணம் வளையம் வளையமாக ஒரே சீராக இருக்கும், தூரிகைத் தடம் இருக்காது.

எனக்கு வந்த விலங்குகள் பலகையில் தட்டையாக அறுத்து எடுத்தவை. யானை, ஒட்டகம், மாடு எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் பெயிண்ட், விளிம்பில் வழிந்து காய்ந்த சொட்டு வேறு. கோபுரத்தின் பச்சை வளையம் ஒன்று ஓரத்தில் பெயர்ந்திருந்தது. உள்ளே பார்த்தால் நாரே இல்லை. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பழுப்புப் பலகை, எம்.டி.எஃப். கிலுகிலுப்பையைக் குழந்தை கையில் கொடுக்கும் முன் ஈரத் துணியால் துடைத்தேன். வெள்ளைத் துணி குங்குமம் பட்டது போல் ஆகிவிட்டது. இன்னொரு முறை துடைத்தேன், மறுபடியும் சிவப்பு.

அதில் ஈயம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் இந்தப் பொம்மையில் பூசியது என்ன பெயிண்ட் என்று யாருக்குத் தெரியும்? கிடைத்ததையெல்லாம் வாயில் போட்டு ஊறவைக்கிற வயசு. ஈரம் பட்டால் கரைகிற சாயத்தை அந்தக் கையில் கொடுக்க முடியாது, அவ்வளவுதான்.

இனி அந்தப் பாட்டுப் பாடும் யானை. "20 தமிழ்த் தாலாட்டுப் பாடல்கள், அம்மாவின் குரலில்" என்று விளம்பரத்தில் இருந்தது. எனக்கு அந்தக் காம்போவில் பிடித்ததே அதுதான். தும்பிக்கையை அழுத்தினால் கீச்சுக் குரலில் ஆங்கில ரைம்ஸ் இரண்டு, பாதியில் அறுந்து அறுந்து ஓடியது. நடுவில் பாஷையே புரியாத ஏதோ ஒன்று. சத்தத்தைக் குறைக்க வழி கிடையாது, அணைக்கவும் வழி கிடையாது, அதுவாக ஓயும் வரை கேட்க வேண்டியதுதான். சின்னக் குழந்தைகள் பாட்டுப் பொம்மையை எட்ட வைத்துக் கேட்பதில்லை, காதில் ஒட்டி வைத்துக்கொண்டுதான் கேட்கும். அந்தக் காட்டுக் கத்தலைக் காதில் வைத்தால் என்ன ஆகும்? என் மகள் பயந்து அழுதாள். தூளியை ஆட்டிக்கொண்டே என் மாமியார் பாடுகிற ஆராரோவுக்குச் சுருதியும் கிடையாது தாளமும் கிடையாது, ஆனாலும் அவள் அதில்தான் தூங்குகிறாள். அது வேறு கதை.

அழுத வேகத்தில் யானையைத் தட்டிவிட்டாள். இடுப்பு உயரத்திலிருந்து விழுந்ததுதான். வயிற்றுப் பக்கம் இருந்த மூடி கழன்று ஒரு பக்கம், பேட்டரிகள் ஒரு பக்கம். மூடியில் ஸ்க்ரூ கிடையாது, நகத்தால் நெம்பினாலே திறக்கிற பிளாஸ்டிக் கொக்கி. உள்ளே மூன்று பட்டன் செல் இருக்கும் இடம். தரையில் கிடைத்தது இரண்டு. மூன்றாவதைக் காணவில்லை. குழந்தையின் வாயில் விரலை விட்டுப் பார்த்து, பாயைச் சுருட்டி, பீரோவுக்கு அடியில் டார்ச் அடித்து, கடைசியில் மாமியார் தன் புடவைக் கொசுவத்தை உதறியபோது அது விழுந்தது. அதற்குள் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வண்டிச் சாவியை எடுத்துவிட்டார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டன் செல்லை விழுங்கினால் ஆபத்து அதன் உள்ளே இருக்கிற ரசாயனம் கசிவதால் மட்டும் வருவதில்லை. உணவுக் குழாயில் சிக்கிக்கொண்டால், எச்சில் ஈரத்தில் மின்சாரம் ஓடி, அந்த இடத்தில் சோடாக் காரம் போன்ற கடுமையான ரசாயனம் உண்டாகி, சதையை அரித்துவிடும். 2 மணி நேரத்திலேயே பெரிய சேதம் ஆகலாம். நாணயம் மாதிரி இருக்கிற 20 மி.மீ. லித்தியம் செல், அதாவது சி.ஆர்.2032 வகை, இன்னும் மோசம். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. ஜொள் வடிவது, சாப்பிட மறுப்பது, இருமல் என்று சாதாரணச் சளி போலத்தான் தெரியும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். ஸ்க்ரூ போட்ட மூடி ஏன் வேண்டும் என்று இனி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று இரவே பேஜுக்குப் படங்களோடு மெசேஜ் போட்டேன். வந்த பதில்களை வரிசையாகப் போடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இதே வரிசையில்தான் வரும்.

"ஹேண்ட்மேட் ப்ராடக்ட் சிஸ், கலர் கொஞ்சம் போகத்தான் செய்யும்."

"அன்பாக்சிங் வீடியோ இருக்கா டியர்? கட் பண்ணாம எடுத்திருக்கணும். இல்லன்னா க்ளெய்ம் வராது."

"ரீஃபண்ட் பாலிசி இல்ல சிஸ், எக்ஸ்சேஞ்ச் மட்டும்தான். அதுக்குப் பதிலா மியூசிக் வாக்கர் அனுப்பவா? 800 மட்டும் எக்ஸ்ட்ரா போடுங்க."

குழந்தையை உள்ளே உட்கார வைத்துச் சக்கரத்தில் ஓடவிடுகிற அந்த வாக்கரைக் கனடாவில் 2004-லேயே விற்கக் கூடாது என்று தடை செய்துவிட்டார்கள். படியில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் அத்தனை பேர். பேட்டரி விழுந்ததற்கு இவர்கள் தரும் பரிகாரம் அது, மேலே 800 ரூபாய் வேறு. நம்முடைய பழைய நடைவண்டி இதில் சேராது. அதைக் குழந்தை தானாக எழுந்து நின்று, பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்கிறது. உட்காரவைத்து ஓட்டுகிற சமாச்சாரம் இல்லை.

பிறகு நான் ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கே என்று கேட்டேன். அதற்கு வந்த பதிலைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும்: "சன்னபட்ணா ஜி.ஐ. ஐட்டம் சிஸ், அதுக்கு ஐ.எஸ்.ஐ. தேவையில்ல."

ஜி.ஐ. என்றால் புவிசார் குறியீடு, ஓர் ஊருக்கே உரிய பொருள் என்ற பதிவு. அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பேட்டரி இல்லாத பொம்மைக்கு ஐ.எஸ். 9873 என்ற தர விதி, பேட்டரியில் ஓடுவதற்கு ஐ.எஸ். 15644. மத்திய அரசின் கைவினை ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பதற்கும், புவிசார் குறியீட்டின் கீழ் பதிவு பெற்றவர்கள் செய்யும் பொருளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. அப்படியென்றால் யார் செய்தது, அவருடைய பதிவு எண் என்ன என்று கேட்டால் உடனே காட்ட வேண்டும். கேட்டேன். "அதெல்லாம் கம்பெனி சீக்ரெட் டியர்." சரி, பாட்டுப் பாடுகிற பிளாஸ்டிக் யானைக்கு எந்த ஊர்ப் புவிசார் குறியீடு? அதற்குப் பதில் வரவில்லை. என்னை ப்ளாக் செய்துவிட்டார்கள்.

ஆகவே காசு அனுப்பும் முன் பெட்டியின் படத்தைக் கேளுங்கள், பொம்மையின் படத்தை அல்ல. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குப் பக்கத்தில் சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த லைசென்ஸ், இப்போது நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். வெறும் முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதனால் எண்ணைப் போட்டுப் பார்ப்பது முக்கியம். தயாரிப்பாளர் முகவரி, எம்.ஆர்.பி., தயாரித்த மாதம் இதெல்லாமும் பெட்டியில் இருக்க வேண்டும். எனக்கு வந்த பெட்டி மொட்டையாக இருந்தது. மைசூரு பக்கத்துப் பட்டறை என்று சொன்னவர்களின் பார்சல் கிளம்பியதோ வேறு ஏதோ மாநிலத்துக் கிடங்கிலிருந்து.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை என்றால் துண்டுகளின் அளவையும் பாருங்கள். தர விதியில் இதற்கென்றே ஓர் உருளை உண்டு, விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுசாக அடங்கிவிடுகிற எந்தத் துண்டும் அந்த வயசுக்கு ஆகாது. என்னுடைய காம்போவில் கோபுரத்தின் உச்சிக் குமிழ் கழன்று வந்தது, அதற்குள் தாராளமாக அடங்கும்.

பணத்தைத் திரும்பக் கேட்கிற விஷயம். யு.பி.ஐ.யில் ஒரு தனி நபர் எண்ணுக்குத்தான் அனுப்பச் சொல்வார்கள், சி.ஓ.டி. கிடையாது என்பார்கள். வங்கியில் கேட்டால், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். பொருளே வராமல் பணம் மட்டும் போயிருந்தால் சைபர் குற்ற எண் 1930-க்கு உடனே அடியுங்கள். வந்த பொருள் போலி என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பதிவு செய்தேன், புகார் எண் கொடுத்தார்கள், விற்பவருக்கு மெயில் அனுப்பினார்கள். விற்பவர் கண்டுகொள்ளவே இல்லை. உதவி எண்ணால் தீர்ப்பு சொல்ல முடியாது, பேசிப் பார்க்க மட்டும்தான் முடியும்.

"ரீஃபண்ட் பாலிசி இல்லை" என்று பேஜில் எழுதிவைத்துவிட்டால் சட்டம் ஒதுங்கிப் போய்விடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில் கொடுக்காததும் நேர்மையற்ற வணிக முறை. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. விளம்பரத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால் ஆன்லைன் விற்பனையாளர் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று 2020 இ-காமர்ஸ் விதிகளும் சொல்கின்றன. அன்பாக்சிங் வீடியோ கையில் இருந்தால் நல்ல சாட்சி. அது இல்லாவிட்டால் உரிமையே இல்லை என்பது அவர்களாகக் கட்டிவிட்ட கதை.

இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளம் வழியாகப் புகார் போட்டிருக்கிறேன். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 2 வருஷத்துக்குள் போட வேண்டும். விற்பவரின் சரியான முகவரி கிடைப்பதுதான் பெரும்பாடு. கொரியர் கவரின் மேல் ஒட்டிய சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், எனக்குக் கைகொடுத்தது அந்தச் சீட்டுதான். விளம்பரம், சாட், பணம் போன ரசீது எல்லாவற்றையும் சண்டை தொடங்கும் முன்பே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். ப்ளாக் செய்த பிறகு பேஜே தெரியாது.

இதே யானை உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால், முதல் வேலையாகப் பேட்டரியை எடுத்து, டேப் சுற்றி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அப்புறம் 1915-ல் ஒரு புகார் போடுங்கள், 200 ரூபாய் பொருளாக இருந்தாலும் சரி. பலரைப் பாதிக்கிற ஏமாற்று என்றால் மாவட்ட ஆட்சியரிடமோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமோ எழுத்து மூலம் கொடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. இல்லாத பொம்மையை விற்றதாக பி.ஐ.எஸ். கேர் ஆப்பிலேயே புகார் கொடுக்கலாம். முதல் முறை மாட்டினாலே குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ விதிக்க முடியும். நான் மூன்று இடத்திலும் கொடுத்திருக்கிறேன். என் புகார் எண் வேண்டும் என்பவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், உங்கள் புகாரில் அதையும் குறிப்பிடலாம்.