வார்டுக்கே வந்து ‘அக்கா’ என்று பேசுகிறவரிடம் பில்லைக் கொடுத்துவிடாதீர்கள் – என் 48,500 ரூபாய் போன கதை

ஏமாந்துவிட்டேன் என்று போன வாரம்தான் தெரிந்தது. இன்னும் கோபம் அடங்கவில்லை, அதனால் முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் விபத்தில் அடிபட்டுப் படுத்திருக்கும் நம் ஆட்கள் யாராவது படித்தால் போதும்.

ஏப்ரல் 18. வீட்டுக்காரர் ஸ்கூட்டர் ஓட்டினார், நான் பின்னால். ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் சிக்னலுக்கு நின்றிருந்தோம், சரக்கு டெம்போ ஒன்று பின்னால் வந்து இடித்தது. அவருக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. நான் உட்கார்ந்த வாக்கிலேயே ரோட்டில் விழுந்தேன். அப்படி விழுந்தால் அடி முதுகுத்தண்டில் ஏறுமாம். இடுப்புக்கு மேலே எல்1 என்ற முதுகெலும்பின் முன்பக்கம் நசுங்கியிருந்தது. கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவது தெரிகிறதா என்று டாக்டர் தினமும் கேட்டார். நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆபரேஷன் வேண்டாம், மூன்று மாதம் பிரேஸ் (முதுகைப் பிடித்து நிறுத்தும் பட்டை) போட்டால் போதும் என்றார்.

மூன்றாம் நாள் மதியம். வீட்டுக்காரர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். தண்ணீர் பாட்டில் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தது. திரும்பிப் படுக்கக்கூட முடியாத நிலையில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குனிந்து எடுத்து, மூடியைத் திறந்து கையில் கொடுத்தார். “தமிழாக்கா? எந்த ஊரு?” பர்கூர் என்றேன். “அட, நமக்கு ஊத்தங்கரைக்கா!” அவ்வளவுதான். சுற்றிலும் கன்னடமும் இந்தியுமாகக் கேட்டுக்கொண்டிருந்த காதுக்கு அந்த ‘அக்கா’ போதுமானதாக இருந்தது. மடச்சி.

விபத்து இழப்பீடு வாங்கித் தரும் ‘கன்சல்டன்சி’யாம். “நீங்க ஒரு பைசா தர வேணாம்க்கா. ஆறு லட்சம் கண்டிப்பா வரும், அதுல கால் பங்கு எங்களுக்கு.” நான் டிஸ்சார்ஜ் ஆனதும் எஃப்ஐஆர் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ஃபிலிம், ஒரிஜினல் பில்கள் எல்லாவற்றையும் ஒரு பச்சை ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டார். வக்காலத்து என்று நாலைந்து காகிதத்தில் கையெழுத்து வாங்கினார், இரண்டில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. படுத்துக்கொண்டே போட்டேன்.

ஒரு பைசா வேண்டாம் என்றவர் இரண்டு வாரத்தில் ஆரம்பித்தார். டைப்பிங், நோட்டரிக்கு 6,500. கோர்ட் ஃபீஸ் 12,000. ஊனச் சான்றிதழுக்கு டாக்டருக்கு 20,000. இன்சூரன்ஸ் ஆபீசரைக் ‘கவனிக்க’ 10,000. ஆக 48,500. அதில் 20,000 ரொக்கம். ரசீது கேட்டதற்கு, “நமக்குள்ள என்னக்கா ரசீது?”

அப்புறம்தான் இழுத்தடிப்பு. மே மாதம் கேட்டால் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. ஜூனில் ஜட்ஜுக்கு மாற்றல். ஜூலையில் “சார் ஹியரிங்ல இருக்கார்”. அந்த வக்கீல் ‘சாரை’ ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. ஆகஸ்டில் படியேறி அவர்கள் ஆபீசுக்கே போனேன். முதல் மாடி, ஒவ்வொரு படிக்கும் முதுகு சொன்னது. அங்கிருந்த பெண் ஒரு எம்விசி நம்பரை (விபத்து இழப்பீட்டு வழக்கு எண்) எழுதிக் கொடுத்து, “கேஸ் ஓடிட்டிருக்கு மேடம், போங்க” என்றாள். உட்காரச் சொல்லக்கூட இல்லை.

அந்த நம்பரை, வழக்கு விவரம் பார்க்கும் இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டுப் பார்த்தது என் தம்பி மகன். வேறு யாரோ ஒருவரின் வழக்கு. என் பெயரில் தேடினால் ஒன்றுமே இல்லை. போன வாரம் மேயோ ஹால் கோர்ட்டுக்கே போய் விசாரித்தோம். அங்கேயும் இல்லை. தாக்கலே செய்யவில்லை.

அங்கே ஒரு வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னார். வக்கீல்கள் இழப்பீட்டில் பங்கு பேசவே கூடாது, பார் கவுன்சில் விதி. இந்த வழக்குக்குக் கோர்ட் ஃபீஸ் பெயருக்குத்தான். ஊனம் எத்தனை சதவீதம் என்பதை எலும்பு கூடி, சிகிச்சை முடிந்த பிறகுதான் கணிக்க முடியும். சான்றிதழ் கொடுத்த டாக்டரே வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். நானோ இரண்டாம் மாதம், பிரேஸைக்கூடக் கழற்றாமல், அதற்கு 20,000 கொடுத்திருக்கிறேன்! வயது, சம்பளம், அந்த ஊனம் என் வேலையை எவ்வளவு பாதிக்கிறது, இதையெல்லாம் பார்த்துத்தான் தொகையாம். நான் நாள் முழுக்க உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவள். ஆறு லட்சம் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது.

வயிற்றைக் கலக்கியது இதுதான்: 2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது சட்டம். இன்று செப்டம்பர் 29. எனக்கு இருப்பது 19 நாள், நடுவில் தசரா லீவு வேறு.

போலீசுக்கும் போனேன். “நீங்களா குடுத்தீங்க, அவரா பிடுங்கினார்?” என்றார் அங்கிருந்தவர். 48,500 ரூபாய் சார் என்றேன். எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முதுகு விடவில்லை. சுருக்கமாக: ஒரிஜினல் பில்லை யாரிடமும் தராதீர்கள், ஜெராக்ஸ் போதும். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். வழக்குப் போட்டாயிற்று என்றால் சிஎன்ஆர் நம்பர் கேளுங்கள், ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி நம்பர் அது, எழுத்தும் எண்ணுமாக 16 இருக்கும், நீங்களே ஆப்பில் பாருங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குப் போன் செய்யலாம். எனக்கு இது ஏப்ரலில் தெரிந்திருக்க வேண்டும்.

நாளை ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் டிஸ்சார்ஜ் சம்மரிக்கு நகல் கேட்டு நிற்க வேண்டும். மருந்துக்கடை பில்கள் எத்தனை திரும்பக் கிடைக்குமோ.

இன்று காலை ஏழு மணிக்கு ஊத்தங்கரைக்காரரிடமிருந்து வாட்ஸ்அப்பில் முருகன் படம் வந்தது, ‘இனிய காலை வணக்கம் அக்கா’. பிளாக் செய்யவில்லை. ஸ்டேஷனில் காட்ட வேண்டும்.