டிஸ்க்கில் எழுதும்போது வரும் பிழையைச் செயற்கையாக உண்டாக்க: டிஎம்-ஃபிளேக்கியா, டிஎம்-எர்ரரா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை எடை மேடையின் லினக்ஸ் கணினி. டிஸ்க் எழுத மறுத்தால் கிராணியின் (தோட்ட எழுத்தர்) எடைப் பதிவு என்னவாகும்? இதைச் சோதிக்க லினக்ஸின் டிவைஸ் மேப்பரில் (டிஎம்: டிஸ்க்கின் மேல் ஒரு போலி டிஸ்க்கை அமைப்பது) ஃபிளேக்கி, எர்ரர் என இரண்டு வகை உண்டு. நல்ல டிஸ்க்கைக் கெடுக்க வேண்டாம். 1 ஜிபி கோப்பை லூப் சாதனமாக்கினால் (கோப்பையே டிஸ்க்போல் காட்டுவது) போதும் (512 பைட் அளவில் 2097152 செக்டர்).

அமைப்பு
ஃபிளேக்கி: டிஎம்-க்குக் கொடுக்கும் அட்டவணை ஒரே வரி, '0 2097152 ஃபிளேக்கி /டெவ்/லூப்0 0 30 5 1 எர்ரர்_ரைட்ஸ்'. 30 வினாடி ஒழுங்கு, 5 வினாடி எழுதுவது மட்டும் தோற்கும், வாசிப்பு நடக்கும். (தட்டுவது ஆங்கில எழுத்தில்தான்.)
எர்ரர்: மூன்று வரி. 0 முதல் 200000 செக்டர் லீனியர் (அப்படியே டிஸ்க்குக்குப் போகும்), அடுத்த 8 எர்ரர், மீதி 1897144 லீனியர்.

துல்லியம்
ஃபிளேக்கி: எந்த எழுதும் வேலை அடிபடும் என்பது நேரத்தைப் பொறுத்தது.
எர்ரர்: அதே இடம், ஒவ்வொரு முறையும். ஆனால் வாசிப்பும் தோற்கும். உங்கள் கோப்பு அங்கே விழவில்லையென்றால் ஒன்றும் தெரியாது. ஃபைல்ஃப்ராக் (கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் கட்டளை) காட்டும் 4 கேபி பிளாக் எண்ணை 8ஆல் பெருக்கிப் பாருங்கள்.

ஏமாற்றும் இடம்
இரண்டிலும் நிரலின் சாதாரண ரைட் அழைப்பு வெற்றி என்றே சொல்லும், தரவு இன்னும் கேஷில்தான் (நினைவகத்தில்). பிழை எஃப்சிங்கில்தான் (தரவை டிஸ்க்குக்கு அனுப்பி முடிக்கச் சொல்லும் அழைப்பு) வரும். அதன் விடையைப் பார்க்காத நிரல் எடையைத் தொலைத்துவிட்டு ரசீதும் அச்சடிக்கும்! ஃபிளேக்கியின் டிராப்_ரைட்ஸ் இன்னும் மோசம்: எழுதியதை விழுங்கிவிட்டு எஃப்சிங்குக்கும் வெற்றி என்கிறது.

மறுமுயற்சிக் குறியீட்டைச் சோதிக்க ஃபிளேக்கி. கெட்ட செக்டருக்கும், மறுபடி மறுபடி ஒரே விடை தேவைப்படும் தானியங்கிச் சோதனைக்கும் எர்ரர்.