நாய்க்குட்டி பழக்கித் தர்றேன்னு வந்த ஆளுகிட்ட 4,500 ரூபாய் போச்சு

உச்சிப்புளி, மண்டபம் பக்கம் குட்டி வளக்குறவங்க கண்டிப்பா படிங்க. வயிறு எரிஞ்சு எழுதுறேன். 4,500 ரூபாய், முழுசும் முன்பணம்.

வீட்டுக்கே வந்து பழக்குற ஆளு. வந்ததும் குட்டியை மடியில வச்சு, உதட்டை விலக்கிப் பல்லைப் பாத்தாரு. "பால் பல்லு 28-ம் இருக்கு, ரெண்டு மாசம் ஆயிருச்சு. பத்தே நாள்ல ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எல்லாம் வெளிய போகப் பழக்கிருவேன்"னாரு. வயசைச் சரியாச் சொன்னாரே, அதுலதான் நம்பிட்டோம்.

வந்தது ரெண்டே நாள். மூத்திரத்துல மூக்கைத் தேச்சாரு, பேப்பரைச் சுருட்டி அடிச்சாரு, தரையில ஃபினாயில் ஊத்தச் சொன்னாரு. மூணுமே தப்பு. அடி வாங்குன குட்டி 'வீட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போகக்கூடாது'ன்னு கத்துக்காது, 'ஆளு பாக்க ஒண்ணுக்குப் போகக்கூடாது'ன்னுதான் கத்துக்கும். இப்ப வாசல் மணல்ல எவ்வளவு நேரம் நின்னாலும் அடக்கிக்கிட்டு, உள்ள வந்து மீன்வலைக் குவியலுக்குப் பின்னாடி போகுது. பேப்பர் சரசரத்தாலே கட்டிலுக்கு அடியில ஒடுங்கிருது.

போன் போட்டா, "பாம்பன்ல நிக்கிறேன், நாளைக்கு வர்றேன்". மறுநாள், "உங்களது நாட்டுக்குட்டி, மண்டையில ஏறாது". சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் நாட்டு நாய்தானய்யா! மூணாம் நாள் நம்பரையே பிளாக் பண்ணிட்டாரு. 4,500 ரூபாய்!

பழக்குற முறையை விவரமா எழுதத்தான் உக்காந்தேன், ஆத்திரத்துல ஓடல. இதையாவது பிடிச்சுக்கங்க. ரெண்டு மாசக் குட்டி மூணு மணி நேரத்துக்கு மேல அடக்காது. தூங்கி எந்திரிச்சதும், தின்ன கால் மணி நேரத்துல, விளையாடி முடிச்சதும் ஒரே இடத்துக்குத் தூக்கிட்டுப் போங்க. போன அந்த நொடியே அங்கயே தீனி குடுங்க, உள்ள வந்து குடுத்தா எதுக்குன்னு அதுக்குப் புரியாது. ஃபினாயில் நக்குனா ஆபத்து, மூத்திர வாடையும் முழுசாப் போகாது. வாடை இருக்க இடத்துக்கே திரும்ப வரும். வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து துடைங்க.

கடிக்குதுன்னு அடிக்காதீங்க, ஈரத்துணியை முடிச்சுப் போட்டு ஃப்ரீசர்ல வச்சுக் குடுங்க. வலையை மட்டும் உசரத்துல கட்டுங்க. நைலான் நூலை முழுங்கினா குடலைச் சுருக்கி அறுத்துரும். பின்பக்கம் நூல் தொங்கினா இழுக்காதீங்க, அப்படியே கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.

முன்பணம் குடுக்காதீங்க. அன்னன்னைக்கு வேலையைப் பாத்துட்டுக் குடுங்க. பேப்பரைச் சுருட்டினா அப்பவே வெளிய அனுப்பிருங்க.