கடைசி வருட ப்ராஜெக்ட்: லேபா, ஃபீல்டா?

பி.எஸ்சி. விலங்கியல் ஆறாவது செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு நான் வண்ணத்துப்பூச்சி எண்ணினேன். விடுதியில் பக்கத்துக் கட்டில் தோழி, ஆடாதொடை இலைச் சாறு பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று பார்த்தாள். மதுரைப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே கைடு. அவள் பட்ட பாடு எனக்கும் நான் பட்ட பாடு அவளுக்கும் தெரியும். எதை எடுக்கலாம் என்று ஜூனியர்கள் கேட்டால் ஃபீல்ட் என்றுதான் சொல்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

செலவைப் பற்றிப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. லேபில் பாக்டீரியா வளர்க்கும் அகார் கூழ், கல்ச்சர் (வளர்த்த பாக்டீரியா), ஆன்டிபயாடிக் தோய்த்த டிஸ்க் எல்லாமே காசு. ஃபீல்டுக்குத் தொப்பி, நோட்டு, போன் போதும். அலைச்சல் இரண்டிலும் உண்டு.

லேப் வேலையின் அழகை முதலில் சொல்லிவிடுகிறேன். இலையை நிழலில் காயவைத்துப் பொடித்து, எத்தனாலில் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். முல்லர்-ஹின்டன் என்ற வகை அகாரைக் கிருமி நீக்க ஆட்டோகிளேவில், அதாவது நீராவி அழுத்தக் கலத்தில், 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்து எடுத்துப் பிளேட்டில் ஊற்றி, அது உறைந்ததும் பாக்டீரியாவைப் பரப்பி, குழி வெட்டிச் சாற்றை விட்டு, 37 டிகிரியில் ஓர் இரவு விட வேண்டும். சாறு பாக்டீரியாவைத் தடுத்திருந்தால், மறுநாள் காலையில் குழியைச் சுற்றி பாக்டீரியா வளராத தெளிவான ஒரு வட்டம் தெரியும். முதல் வட்டம் விழுந்த அன்று தோழி லேபிலிருந்து ஓடிவந்து போனில் படம் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான்கு மாதத்தில் எனக்கு அப்படி ஒரு காலை வாய்க்கவே இல்லை.

அப்புறம் ஏன் ஃபீல்ட்? என்னைப் பொறுத்தவரை ஒரே ஒரு கேள்விதான் முடிவு செய்கிறது: செய்த தப்பைத் திரும்பிப் போய்ப் பார்க்க முடியுமா? பட்டப்படிப்பில் செய்யும் முதல் ஆராய்ச்சியில் தப்பு நடக்காமல் இருக்காது. அது தெரியவரும்போது கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

தோழியின் தப்பு மார்ச் மாதம் தெரியவந்தது. எத்தனாலை மட்டும் விட்ட ஒரு குழி, அதாவது சாறு இல்லாமல் கரைப்பானை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் கன்ட்ரோல், எந்தப் பிளேட்டிலும் இல்லை. எத்தனாலே பாக்டீரியாவைக் கொல்லக்கூடியது. அப்படியானால் அந்த வட்டம் இலையால் வந்ததா, எத்தனாலால் வந்ததா? பழைய பிளேட்டுகளை எப்போதோ ஆட்டோகிளேவ் செய்து கழுவி வைத்தாயிற்று. சாறும் தீர்ந்துவிட்டது. புதிதாக இலை பறித்து, காயவைத்து, முதுகலை சீனியர்கள் வேலை முடித்துவிட்டு லேபைத் தரும்வரை காத்திருந்து, ஒரே ஒரு முறை திரும்பச் செய்தாள். மூன்று முறை செய்து சராசரி எடுக்க நாள் இல்லை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதைத்தான் கேட்டார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு, பல ரிப்போர்ட்டுகளில் இதைக் கவனிப்பதே இல்லை. வட்டம் பெரிதாக இருந்தால் மருந்து வீரியமானது என்று சொல்லிவிட முடியாது. அகாருக்குள் எளிதில் பரவும் பொருளுக்கு வட்டம் பெரிதாகவும், மெதுவாகப் பரவும் பொருளுக்குச் சிறிதாகவும் விழும். இரண்டு செடிகளின் சாற்றை மில்லிமீட்டர் கணக்கில் ஒப்பிட்டு "இதுவே சிறந்தது" என்று எழுதுவது அதனால் சரியில்லை.

இப்போது என் தப்பு. கல்லூரி வளாகத்தின் பின்பக்கம், எருக்கஞ்செடிகள் நிறைந்த 400 மீட்டர் பாதை. இங்கிலாந்தில் எர்னி பொல்லார்ட் வகுத்த முறைப்படி, இரண்டு பக்கமும் 2.5 மீட்டர், முன்னால் 5 மீட்டர் எல்லைக்குள் தெரிவதை மட்டும் எண்ணிக்கொண்டு ஒரே சீராக நடக்க வேண்டும். அந்த நாட்டில் 1976 முதல் வண்ணத்துப்பூச்சிகளை இப்படித்தான் கணக்கெடுக்கிறார்கள். ஆரஞ்சு நிறத்தில், இறகு நுனி கறுப்பாக, அதில் வெள்ளைப் பட்டையோடு எது பறந்தாலும் "வெந்தய வரியன்" என்று எழுதிக்கொண்டே போனேன்.

வெந்தய வரியனின் புழு எருக்கிலையைத் தின்று வளர்கிறது. எருக்கின் நஞ்சு உடம்பில் தங்குவதால் பறவைகள் அதை ஒதுக்கும். ஹைப்போலிம்னஸ் மிசிப்பஸ் என்ற வேறொரு இனத்தின் பெண் பூச்சி அச்சு அசலாக அதே வேடத்தில் திரிந்து தப்பித்துக்கொள்கிறது. பின்னிறகைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். வரியனுக்கு நடுவில் மூன்று நான்கு கறுப்புப் புள்ளிகள் இருக்கும், மற்றதற்கு மேல் ஓரத்தில் ஒன்றுதான். ஏழாவது வாரத்தில் கைடு சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஆனால் என்னிடம் படங்கள் இருந்தன. இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துப் பட்டியலைத் திருத்தினேன். படம் இல்லாதவற்றை "உறுதியில்லை" என்று தனிப் பத்தியில் போட்டேன். அடுத்த சனிக்கிழமை அதே பாதையில், அதே ஒன்பது மணிக்கு, புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். யாரிடமும் சாவி வாங்க வேண்டியிருக்கவில்லை. வைவாவில் இந்தத் தப்பைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம், அந்தப் பேச்சுதான் எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது.

ஃபீல்டில் திரும்பப் பெற முடியாதது பருவம். வடகிழக்கு மழை ஓய்ந்த டிசம்பரில் எங்கள் பாதையில் பூச்சிகள் மொய்த்தன. மார்ச் வெயிலில் அதே பாதை வெறிச்சோடிவிட்டது. ஆறாவது செமஸ்டர் தொடங்கட்டும் என்று காத்திருந்தால் நல்ல மாதங்கள் போய்விடும். இன்னொன்று, வலை போட்டுப் பிடிக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பல வண்ணத்துப்பூச்சி இனங்கள் இருக்கின்றன. படம் போதும். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், அதற்கு நாளாகும். அதனால் வளாகமோ ஊர்க் கண்மாயோதான் நல்லது.

பட்டம் முடித்ததும் மருந்துக் கம்பெனியிலோ உணவுப் பரிசோதனைக் கூடத்திலோ வேலைக்குப் போக நினைப்பவர்கள் நான் சொன்னதை ஒதுக்கிவிட்டு லேபையே எடுக்கலாம். கலப்பு வராமல் பிளேட் போடத் தெரிந்த கைக்கு அங்கே மதிப்பு இருக்கிறது, தோழிக்கு வேலை கிடைத்ததும் அதனால்தான். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலோ டேராடூன் வனவிலங்கு நிறுவனத்திலோ வனவிலங்கு முதுகலை படிக்கும் எண்ணம் இருந்தால் ஃபீல்ட் நோட்டு கூடவே வரும். ஒரு மருந்து மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பார்க்கும் டாக்கிங் ப்ராஜெக்டுகளை நான் செய்து பார்த்ததில்லை, அதனால் அதில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். திரும்பச் செய்யும் வசதி அதில் எல்லாவற்றையும்விட அதிகம் என்று மட்டும் தோன்றுகிறது. பணம் கட்டினால் ரிசல்ட்டோடு பைண்டிங்கும் போட்டுத் தருகிற இடங்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். அங்கே தப்பு செய்யக்கூட உங்களுக்கு வாய்ப்பில்லை.

ஃபீல்ட் என்று முடிவு செய்தவர்கள் ஜூலையிலேயே பாதையை அளந்து குறித்துவிடுங்கள். முதல் நான்கைந்து நடை கணக்கில் சேராமல் பழக்கத்துக்கு மட்டும் இருக்கட்டும். பார்க்கிற ஒவ்வொன்றையும், முக்கியமாகப் பின்னிறகு தெரிகிற மாதிரி, படம் எடுத்து வையுங்கள்.