மெஷ் நாற்காலி விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா?

மச்சான் கேட்டதால் எழுதுகிறேன். கொரோனா சமயத்தில் நான் 12,000 கொடுத்து வாங்கிய அதே மெஷ் நாற்காலி இப்போது 7,500க்கு வந்துவிட்டதாம். "வாங்கட்டுமா அத்தான்?" என்று லிங்க் அனுப்பியிருக்கிறான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதுகுக்கு அருமை. எட்டு மணி நேரம், சில நாள் பத்து மணி நேரம் உட்கார்ந்து எழுந்தாலும் இடுப்பு பிடிப்பதில்லை, சித்திரை வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டுவதில்லை. ஆனால் செங்கோட்டையில் ஆனி பிறந்துவிட்டால் கதை வேறு. ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற காற்று சாரலையும் கூட்டிக்கொண்டு மேற்கு ஜன்னலில் நுழைந்து, அந்த வலை வழியாக நேரே இடுப்பில் குத்தும். சீசன் முழுக்க நாற்காலி முதுகில் ஒரு துண்டு தொங்கும். இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், செய்தவனுக்கு எங்கள் ஊர்க் காற்றைத் தெரியுமா என்ன.

எனக்கு ஆத்திரமெல்லாம் அந்த கேஸ் லிஃப்ட் மேல்தான், அதாவது சீட்டை ஏற்றி இறக்குகிற நடுத்தூண். மீட்டிங் ஆரம்பிக்கும்போது கேமராவில் நெஞ்சு வரை தெரிவேன், முடியும்போது நெற்றியும் பின்சுவர் காலண்டரும்தான் தெரியும். லீவரைத் தூக்கி ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் மேஜை உயரம் 75 சென்டிமீட்டர், நானோ குள்ளம். நாற்காலியை நன்றாக ஏற்றி, காலுக்கு ஒரு மணை போட்டால்தான் முழங்கை மேஜை மட்டத்துக்கு வரும். சீட் இறங்க இறங்கத் தோள் தானாக மேலே ஏறிக்கொள்ளும், சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியாது.

வாரண்டி இருந்தது. போன் போட்டால், உங்கள் பின்கோடுக்கு மதுரையிலிருந்துதான் ஆள் வரணும், அவர் அவ்வளவு தூரம் வர மாட்டார் என்றார்கள். கொல்லத்தில் ஆள் இருக்கிறாரே, பக்கம்தானே என்றேன். அவர் கேரளா கணக்காம். 1956 வரை இந்த ஊரும் திருவிதாங்கூர் கணக்கில்தான் இருந்தது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொன்னேன். "ஓகே சார், வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றார்.

அப்புறம் பட்டறை அண்ணாச்சிதான். "கேஸ் போச்சுன்னா போச்சுதான் தம்பி, அடைக்க முடியாது, புதுசு மாத்திருங்க." தூணுக்குள் இருப்பது அழுத்தி அடைத்த நைட்ரஜன், சீல் தேய்ந்தால் கசிந்துவிடும். நல்லவேளை, பெரும்பாலான ஆபீஸ் நாற்காலிகளுக்கு ஒரே அளவு, வெளிக்குழாய் 50 மில்லிமீட்டர். கிளாஸ் 4 என்கிற உறுதியான ரகத்தில் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். பழசைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. திருகு, போல்ட் எதுவும் கிடையாது, கூம்பாக இறுகிப்போய் உட்கார்ந்திருக்கும். அண்ணாச்சி எண்ணெய் விட்டு ஊறவைத்து, பைப் ரெஞ்சால் கவ்வித் திருகி, அடியில் சுத்தியலால் நாலு போட்டதும் பொத்தென்று விழுந்தது. காசு வாங்கவில்லை, டீ மட்டும்.

இப்போது கல் மாதிரி நிற்கிறது. சரி, வாங்கலாமா? வேண்டாம்டா. இந்த விலைக்கு இப்படி ஒரு முதுகு கிடைக்காது, ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் அந்தக் கம்பெனிக்கு நம் குடும்பத்திலிருந்து இன்னொரு ரூபாய் போகக் கூடாது. மீறி வாங்கினாய் என்றால், 11 மில்லிமீட்டர் தண்டு வைத்த பியூ (ரப்பர் மாதிரி மெத்தென்ற பாலியூரித்தேன்) சக்கரம் ஐந்தும் சேர்த்து ஆர்டர் போடு. கூட வருகிற நைலான் சக்கரம் ரெட் ஆக்சைடு தரையில் கோடு கோடாகக் கிழிக்கும், உங்க அம்மாவுக்கு நீதான் பதில் சொல்லணும்.