டெனரீஃப் ஒருநாள் வேன் சுற்றுலா: ஐந்துக்கு இரண்டு

அந்த இரண்டு நட்சத்திரமும் டிரைவருக்கு. மீதியைச் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஃபிராங்க்ஃபர்ட் குளிரிலிருந்து தப்பிக்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஸ்பெயினின் கேனரி தீவுகளில் ஒன்றான டெனரீஃபுக்குப் போயிருந்தேன். 'எரிமலை, அபூர்வ உயிரினங்கள், மறைந்த நாகரிகம், எல்லாம் ஒரே நாளில்' என்ற விளம்பரத்தைப் பார்த்து புவெர்ட்டோ டி லா குரூஸ் என்ற ஊரில் இரண்டு டிக்கெட் போட்டேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

ஏறியதிலிருந்து கைடு ஒரே அட்லாண்டிஸ் புராணம். கடலில் மூழ்கிய கண்டத்தின் மிச்சம்தான் இந்தத் தீவுகளாம். எரிமலைக் குழம்பு கடலடியிலிருந்து குவிந்து குவிந்து உருவான தீவுகள் எப்படி மூழ்கிய கண்டத்தின் மிச்சம் ஆகும் என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டார்.

டெய்டே எரிமலை 3,715 மீட்டர், ஸ்பெயினிலேயே உயரமான மலை. ரோப் கார் 3,555 மீட்டர் வரை போகும். ஆனால் காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கும் நிறுத்திவிட்டார்கள். காற்றுக்கு யாரையும் குறை சொல்ல முடியாது, சரி. ஆனால் ரோப் கார் காசைத் திருப்பித் தர மாட்டோம் என்றதும், கீழ் நிலையமே 2,356 மீட்டரில் இருக்கிறது, ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள் என்று முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாததும்தான் கோபம். அம்மா சேலையும் ரப்பர் செருப்புமாக நடுங்கினார்.

இங்கேதான் டிரைவர். தன் ஜாக்கெட்டைக் கழற்றி அம்மாவுக்குப் போட்டுவிட்டு, ரோக்ஸ் டி கார்சியா பாறைகளுக்கு ஓட்டிப்போனார். வெயில் பட்ட ஒரு கல்லைக் காட்டினார். கறுப்பு ஓணான் ஒன்று, கன்னத்தில் நீலத் திட்டோடு. "இது பாருடி, நீலம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு" என்றார் அம்மா. ஆணுக்குத்தான் அந்த நீலமாம். இறங்கும் வழியில் பைன் மரங்களுக்கு நடுவே ஒரு நீலக் குருவியையும் டிரைவர் காட்டினார். டெனரீஃபின் பைன் காடுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அந்த அரை மணி நேரத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

நாகரிகம் என்ற பெயரில் குயிமார் பிரமிடுகள். சூரியனை வணங்கியவர்கள் கட்டியது என்றார் கைடு. அகழாய்வில் 19ஆம் நூற்றாண்டுப் பொருட்கள் கிடைத்த படிக்கட்டு மாதிரியான கற்குவியல்கள் அவை. நிஜமாகவே இங்கே வாழ்ந்த குவாஞ்சே மக்களைப் பற்றி இரண்டு வரிகூட வரவில்லை.

மறுநாள் பஸ் ஏறி (இந்த ஊரில் குவாகுவா) நாங்களாகவே சாந்தா குரூஸ் அருங்காட்சியகத்துக்குப் போனோம். வழியில் லா மத்தான்சா என்று ஒரு ஊர்ப் பலகை. 'படுகொலை' என்று அர்த்தம். 1494இல் படையெடுத்து வந்த ஸ்பானியர்களை குவாஞ்சேக்கள் வெட்டிச் சாய்த்த இடம். இரண்டே வருடத்தில், 1496இல், தீவு ஸ்பெயின் வசமாகிவிட்டது. குவாஞ்சேக்கள் வட ஆப்பிரிக்காவின் பெர்பர் இன மக்களின் வழி வந்தவர்கள். இரும்பு, செம்பு எதுவும் இல்லாமல் எரிமலைக் கண்ணாடிக் கல்லால் கத்தி செய்தவர்கள். இறந்தவர்களை உலர்த்தி ஆட்டுத்தோலில் சுற்றி வைத்த மம்மிகள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அழிந்துபோன ராட்சத ஓணானும் ராட்சத எலியும் அங்கேதான். 'அபூர்வ உயிரினங்கள்' பட்டியலில் இவை ஏன் இல்லையோ!

வெளியே வந்து கடையில் கோஃபியோ வாங்கினோம். குவாஞ்சேக்கள் வறுத்த பார்லியை அரைத்துச் சாப்பிட்ட மாவு. இப்போது கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் வருகிறது. "சத்துமாவுதானே இது, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்றபடியே அம்மா இரண்டு பாக்கெட் எடுத்தார்.

ரோப் கார் காசு கேட்டு மூன்று மெயில் போட்டாயிற்று. பதிலுக்கு வந்தது பத்து சதவீதத் தள்ளுபடி கூப்பன், அதே வேன் சுற்றுலாவுக்கு.