38,500 ரூபாய் போச்சு: சின்சில்லா வாங்க நினைப்பவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

செவ்வாய்க்கிழமை விடியற்காலை வீட்டுக்கு வந்த உயிர், வெள்ளிக்கிழமை விடிவதற்குள் போய்விட்டது. இன்று ஞாயிறு. 38,500 ரூபாய் வாங்கினவன் நேற்று மதியத்தோடு என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டான். இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதலாம் என்றால் அதற்குள் இன்னொரு வீட்டுப் பணம் போய்விடும், அதனால் இப்போதே எழுதுகிறேன். சின்சில்லாவைக் கடையில் வாங்குவதா, வளர்ப்பவரிடம் நேரில் போய் வாங்குவதா, படம் போட்டு விற்கிறவர்களிடம் வாங்குவதா என்று என்னைப் போலவே யாராவது யோசித்துக்கொண்டிருப்பீர்கள். எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் திருநகரில் இருக்கிறோம். நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். பத்தாம் வகுப்பில் 470-க்கு மேல் எடுத்தால் நீ கேட்டதை வாங்கித் தருகிறேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். 478 எடுத்தாள். செல்போனோ ஸ்கூட்டியோ கேட்பாள் என்று நினைத்திருந்தேன், அவள் இரண்டு வருடமாகக் கேட்ட அதே சின்சில்லாவைத்தான் கேட்டாள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: அணில் வால், முயல் போல உடம்பு, வட்டமான பெரிய காது, தொட்டால் கையில் ஏதோ இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு மெத்தென்ற ரோமம். தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைக் குளிரில் வாழும் பிராணி. காட்டில் மிகவும் குறைந்துவிட்டது. வீடுகளில் வளர்ப்பவை எல்லாம் பண்ணையில் பெருக்கியவை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் இருக்கும் என்று மகள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

எங்கே வாங்குவது என்று ஒரு மாதம் அலைந்தோம். முதலில் போனது மதுரைக்குள்ளேயே மீன், லவ் பேர்ட்ஸ், முயல் விற்கும் ஒரு சின்னக் கடை. அந்தக் கடைக்கார அண்ணன் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "சின்சில்லா நான் வைக்கிறதில்லம்மா. நம்ம ஊரு வெயிலுக்கு அது ஆகாது. ராத்திரி பகல்னு ஏசி ஓடணும். பாப்பாவுக்கு ஆசைன்னா கினி பிக் வாங்கிக் கொடுங்க." சரக்கு இல்லாததால் இப்படிப் பேசுகிறார் என்று நினைத்தேன். அந்த மனுஷனிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அடுத்தது பெங்களூரில் வீட்டிலேயே வளர்க்கும் ஒரு அம்மா. நேரில் வந்து பாருங்கள், பஸ்ஸில் எல்லாம் ஏற்றி அனுப்ப மாட்டேன், இப்போது ஒன்று சினையாக இருக்கிறது, அது குட்டி போட்டு, குட்டி எட்டு வாரம் தாயோடு இருந்த பிறகுதான் தருவேன் என்றார். சின்சில்லாவுக்குச் சினைக்காலமே 111 நாள். கணக்குப் போட்டால் தீபாவளி நெருங்கிவிடும். மகள் முகம் வாடியது. அவ்வளவு நாள் யார் காத்திருப்பது என்று நானும் அதை விட்டுவிட்டேன்.

மூன்றாவதுதான் இவன். வெளியூரில் கடை, செல்போனில் வீடியோ போட்டு ஊர் ஊராக அனுப்புகிற வகை. பெயரை எழுதவில்லை, அதற்கான இடத்தில் கொடுத்திருக்கிறேன். மெசேஜ் போட்ட பத்தாவது நிமிடம் அவனே கூப்பிட்டான். "அக்கா மதுரையா? நானும் திருமங்கலம் பக்கம்தான்க்கா. எங்க அம்மா ஊரு கள்ளிக்குடி." இந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி சந்தேகம் போய்விட்டது. நம்ம ஊர்ப் பையன், நம்ம பேச்சு. அவன் அம்மாவுக்கு முட்டிவலி என்று சொன்னதும், என் மாமியாருக்குப் போடும் எண்ணெயை நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். தம்பி, தம்பி என்றுதான் கூப்பிட்டேன்.

அப்புறம் வீடியோ கால் போட்டான். சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி தட்டில் இருந்த பொடியில் விழுந்து புரண்டு எழுந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். "பாப்பா பேரு என்னக்கா?" என்று கேட்டான். சொன்னேன். ஒரு வெள்ளைத் தாளில் அவள் பெயரை ஸ்கெட்ச் பேனாவால் தமிழில் எழுதி, அந்தக் குட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தான். "இனி இது பாப்பாவோடது. வேற யாருக்கும் காட்ட மாட்டேன், மீனாட்சி மேல சத்தியம்" என்றான். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். அந்தத் தாளைப் பார்த்த பிறகு ரசீது கேட்கத் தோன்றவில்லை. கடைக்குப் பதிவு இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. குட்டியின் வாயைத் திறந்து காட்டு என்று சொல்லத் தோன்றவில்லை. ஏசி வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். "கத்திரி முடிஞ்சிடுச்சே அக்கா, ஃபேன் போதும். நாலு நாள்ல பழகிடும்" என்றான்.

அன்றைக்கே முன்பணம் 10,000. ஞாயிற்றுக்கிழமை 22,000. திங்கட்கிழமை சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டு, ஏசி காரில் ஆள் போட்டு வீட்டு வாசலிலேயே இறக்கித் தருகிறேன், அதற்கு 6,500 என்றான். அதையும் அனுப்பினேன். மொத்தம் 38,500. எல்லாம் சீட்டு எடுத்த பணம். லைனிங் வைத்த ஜாக்கெட் தைத்தால் எனக்கு 250 ரூபாய் கூலி. 154 ஜாக்கெட். கழுத்துவலியோடு ராத்திரி பதினொன்று வரைக்கும் மிஷினில் உட்கார்ந்த காசு.

செவ்வாய் காலை 4.50-க்கு ஒரு ஆம்னி பஸ்காரர் கூப்பிட்டார். "பார்சல் வந்திருக்கு, மாட்டுத்தாவணிக்கு வாங்க." கார் இல்லை, ஆள் இல்லை. நானும் வீட்டுக்காரரும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினோம். கிளீனர் பையன் பஸ்ஸின் டிக்கியைத் திறந்ததும் டீசல் வாடையோடு அனல் முகத்தில் அடித்தது. மூட்டைகளுக்கும் ஒரு ஸ்டெப்னி டயருக்கும் நடுவில் பழக்கடை பிளாஸ்டிக் கூடை ஒன்று, நீலக் கயிறு போட்டுக் கட்டி, மேலே ஈரச் சாக்கு. உள்ளே வெள்ளரித் துண்டு நாலு, ஒரு பிடி வேர்க்கடலை. மூலையில் நனைந்த துணி மாதிரி சுருண்டு கிடந்தது. லாரி ஆபீசில் கேட்பது போல அங்கே பார்சல் கூலி 400 தனியாகக் கேட்டார்கள். இந்த 400 அந்த 38,500-இல் சேராது.

ஈரம் ஆகவே கூடாத பிராணி அது. ஒரே மயிர்க்காலில் ஐம்பது ரோமத்துக்கு மேல் முளைக்கிறது, நனைந்தால் உள்ளே காயாது, பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் அது தண்ணீரில் குளிக்காமல் பொடியில் புரள்கிறது. அதன் மேல் ஈரச் சாக்கைப் போட்டு அனுப்பியிருக்கிறான். மகள் ஒரு கதை சொல்லியிருந்தாள். 1923-இல் சாப்மன் என்ற சுரங்கப் பொறியாளர் சிலியிலிருந்து 11 சின்சில்லாக்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனாராம். மலையிலிருந்து ஒரேயடியாகக் கீழே இறக்கினால் தாங்காது என்று மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கப்பலில் ஐஸ் வைத்துக் குளிரூட்டிக் கொண்டுபோயிருக்கிறார். நூறு வருடத்துக்கு முன்னால் அவருக்குத் தெரிந்தது, இதை விற்றே பிழைக்கிற இவனுக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்ததும் மாமியார் அறையில் ஏசியை 22-இல் வைத்து விட்டோம். மகள் பஞ்சு என்று பெயர் வைத்தாள். புல்லை மோந்து பார்த்தது, கடிக்கவில்லை. தாடைக்குக் கீழே எந்நேரமும் ஈரம். குளியல் பொடி என்று அவன் வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து விரலில் தேய்த்தேன், கோலமாவு போல நறநறவென்று இருந்தது. அதற்குள் மகள் வீடியோ கால் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வந்து காட்டினாள். "அம்மா, இது அது இல்லம்மா. காதைப் பாரு." படத்தில் இரண்டு காதும் முழுசாக இருந்தன. வந்ததற்கு வலது காது ஓரத்தில் அரைவட்டமாகக் கடிபட்டு, எப்போதோ ஆறிய தழும்பு.

புதன்கிழமை, சின்னப் பிராணிகளைப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். தராசில் 340 கிராம். வளர்ந்த சின்சில்லா 400-இலிருந்து 600 கிராம் வரை இருக்க வேண்டும். "இது மூணு மாசக் குட்டின்னு யாரும்மா சொன்னது? வயசானதும்மா இது, பல தடவை குட்டி போட்டது" என்றார். சின்ன டார்ச் அடித்து வாயைக் காட்டினார். சின்சில்லாவுக்குப் பல் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்குமாம், புல்லை மென்று மென்றுதான் தேய வேண்டும். கடலையும் விதையும் போட்டே வளர்த்ததில் இதன் கடைவாய்ப் பல் நாக்குப் பக்கம் கொக்கி போல வளைந்து குத்திக்கொண்டிருந்தது. பசி இருந்தும் தின்ன முடியவில்லை. ஊசி இல்லாத சிரிஞ்சில் புல்மாவைக் கரைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்டச் சொன்னார். மகள் அலாரம் வைத்து எழுந்து ஊட்டினாள். வியாழன் ராத்திரி மூன்று மணிக்கு அவள் கையில் இருக்கும்போதே கழுத்துத் தொங்கிவிட்டது.

இனி அவன் பேசியதைக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை: "பயணக் களைப்புக்கா, ரெண்டு நாள்ல துள்ளும் பாருங்க." ஏசி கார் எங்கே என்றேன். "டிரைவர் வரலக்கா, 6,500-ஐ திருப்பிப் போட்டுடுறேன்." போடவில்லை. புதன்கிழமை டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "அந்த டாக்டருக்கு நாய், மாடுதான் தெரியும்." காது படத்தை அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. வெள்ளிக்கிழமை செத்துப்போச்சு என்று சொன்னதும் குரலே மாறிவிட்டது. அக்கா போய் மேடம் ஆகிவிட்டது. "மேடம், உயிருள்ள பிராணிக்கு ரிட்டர்ன் கிடையாது. மதுரை வெயில்ல வச்சுக் கொன்னுட்டு என்னைய கேக்குறீங்க." ஃபேன் போதும் என்று சொன்னவன் அவன். சனிக்கிழமை என் வீட்டுக்காரர் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டார். ஒரு பெண் எடுத்து, இது கடையே இல்லை, ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் அழுததைவிட அந்த ராங் நம்பருக்குத்தான் அதிகமாகக் கொதித்தேன். 38,500 ரூபாய் போன நம்பர் அது.

புகார் கொடுக்கப் போன ஓர் இடத்திலும் "பொருள் வந்திருச்சேம்மா, இதுல மோசடி எங்க இருக்கு" என்றார்கள். காட்டின உயிர் வேறு, அனுப்பின உயிர் வேறு, சொன்ன வயது பொய், ஏசி கார் பொய். இதற்கு மேல் என்ன வேண்டும்? விடப்போவதில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டேன். நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 2019 சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் இல்லை.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாகச் சொல்வதாக ஆரம்பித்தேன். உட்கார்ந்து எழுத முடியவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நேரில் போய்க் கையில் தூக்கிப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், வீடியோவை நம்பாதீர்கள். தாடை ஈரமாக இருந்தால், கண்ணில் நீர் வடிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பஸ்ஸில் அனுப்புகிறேன் என்பவனிடமும், ஏசி வேண்டாம் என்பவனிடமும் பேச்சே வேண்டாம். 25 டிகிரிக்கு மேல் போனாலே அதற்கு ஆபத்து, நம் ஊரில் ஏசி நிற்காமல் ஓடும் கரண்ட் பில்லைக் கட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள். 2018 விதிப்படி செல்லப்பிராணிக் கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். வெளிநாட்டு உயிரினங்களில் பலவற்றை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024-இல் விதி வந்திருக்கிறது, நீங்கள் வாங்குவதற்கு என்ன தாள் வேண்டும் என்று வனத்துறையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். வயதும் எங்கே பிறந்தது என்பதும் ரசீதில் எழுத்தில் இருக்கட்டும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பயணக் களைப்பு என்று அவன் சொன்னதை நம்பி நான் மூன்று நாளை விட்டேன்.

நாளை காலை அந்த ஸ்கிரீன்ஷாட், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, மூன்று தடவை பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். மதுரை, திருமங்கலம், விருதுநகர் பக்கம் யாருக்காவது இதே மாதிரி பெயர் எழுதிய தாளைக் காட்டிப் பணம் வாங்கியிருந்தால், தேதியையும் தொகையையும் எழுதுங்கள். அதையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.